பதில் ஆள் பெயர்

ஒன்பது பேர் ஏறினார்கள், ஒன்பது பேர் இறங்கிவிட்டார்கள், மணி இரண்டே முக்கால். இனி இந்தக் கட்டடத்தில் லிஃப்டுக்கு வேலை இல்லை, ஆனாலும் ஐந்து மணி வரைக்கும் நான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் அந்தத் தாள் இருக்கிறது. தாளில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. ஒன்று தேதிக்கு. தேதி எனக்குத் தெரியும், வியாழக்கிழமை, நாளை மறுநாள், அரக்கோணத்தில் என் மகள் கோமளாவுக்கு வயிற்றிலிருந்து கட்டியை எடுக்கிறார்கள், காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். முதல் ரயிலைப் பிடித்தால் ஆறரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், ஒன்றரை மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இன்னொரு இடம் பதில் ஆளின் பெயருக்கு. அதைத்தான் எழுத முடியவில்லை. பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக காலையிலிருந்து ஆறு தரம் ஆகிவிட்டது. நேற்றுத் தீபாவளி, வெளியே தெருவெல்லாம் வெடித்த காகிதம், அந்த மருந்து வாசனை வாசலைத் தாண்டி, கம்பிக் கதவைத் தாண்டி, கூண்டுக்குள் வந்து தங்கியிருக்கிறது, ஃபேன் போட்டால் சுற்றுகிறதே தவிரப் போகவில்லை. முந்தாநாள் கோமளா போனில் கேட்டாள், “வருவியாப்பா?” “பார்க்கிறேம்மா” என்றேன். “பார்க்கிறேன்னா வரமாட்டேன்னு அர்த்தம், எனக்குத் தெரியாதா. பெரியவன் பொறந்தப்பவும் பார்க்கிறேன்னுதான் சொன்ன. சின்னவன் பொறந்தப்பவும் பார்க்கிறேன்னுதான் சொன்ன. பரவால்லப்பா. உங்க வீட்டு சைடுல யாரு வருவாங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க, யாரும் இல்லன்னு எழுதிக்கச் சொல்லிட்டேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். யாரும் இல்லை என்று அரக்கோணத்தில் ஒரு தாளில் எழுதியிருக்கிறது. இங்கே என் பையில் உள்ள தாளில் ஒன்றும் எழுதவில்லை. ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் தணிகைவேல் வந்து வாங்கிக்கொள்வார். “சார், உங்க ஃப்ளோட்டிங் லீவு ஒண்ணு அப்படியே கெடக்குது, ரெண்டு நாள் முன்னாடி ஆள் பேரோட குடுத்தாத்தான் ஆபீஸ்ல ஏத்துப்பாங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்று சனிக்கிழமையே சொல்லிவிட்டார். வயதில் என் மகளைவிடச் சின்னவர், என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார், எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மிதக்கும் லீவு என்று மூன்றாம் மாடி கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள்தான் முதலில் லிஃப்டில் பேசிச் சிரித்தார்கள். வருஷத்துக்குப் பதினாலு பண்டிகை எழுதிக் கொடுப்பார்களாம், அதில் இரண்டைப் பொறுக்கிக்கொள்ளலாமாம். “நீ எதுடி எடுக்கிற?” “ஓணம்.” “நீ மலையாளியா?” “ஓணம் வெள்ளிக்கிழமை வருதுடி.” அது நியாயம்தான். முதல் மாடி அரசாங்க ஆபீசில் தற்செயல் விடுப்பு பன்னிரண்டு, அதில்லாமல் பட்டியலில் உள்ள பண்டிகையில் மூன்று. இன்றைக்கு எல்லோருக்கும் உத்தரவு போட்டு லீவு விட்டுவிட்டார்கள், பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வந்து உட்கார வேண்டும், ஆக இன்றைய செவ்வாய்க்கிழமை அவர்களுக்குச் சனிக்கிழமை. இரண்டாம் மாடி கிளியரிங் ஏஜென்ட் ஆட்கள் கப்பல் வந்தால் ஞாயிறும் வருவார்கள், அந்த ஞாயிற்றை வேறொரு நாளில் கழித்துக்கொள்வார்கள், யார் எந்த நாளைக் கழிக்கிறார்கள் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். நான்காம் மாடி ஏற்றுமதிக் கம்பெனியில் லீவு என்றால் சம்பளம் இல்லை, பேச்சு முடிந்தது. ஐந்தாம் மாடி வக்கீல்களுக்குக் கோர்ட் மூடினால் லீவு, குமாஸ்தாக்களுக்கு வக்கீல் மறந்துபோனால் லீவு. இருபத்தாறு வருஷமாக ஏற்றி இறக்குகிறேன், எந்த மாடியில் யார் எப்போது வரமாட்டார்கள் என்பது எனக்கு மனப்பாடம். எத்தனை ஏறியதோ அத்தனை இறங்க வேண்டும், நோட்டில் கோடு போட்டு வைப்பேன், யாரும் கேட்டதில்லை, எனக்காகத்தான். படியில் இறங்குகிறவர்கள் போகிற போக்கில் கதவருகே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள், அதுவும் பழகிவிட்டது. இப்போது மூன்றாம் மாடியில் புதிதாக ஒன்று, வீட்டிலிருந்தே வேலை. லீவு இல்லை, ஆனால் வரவில்லை. அங்கே நாற்காலிகளின் முதுகில் ஸ்வெட்டர்கள் தொங்குகின்றன, ஆள் இல்லை, ஆள் வேலையில் இருக்கிறார். அவர்களை நான் எந்தக் கோட்டில் எழுதுவது. ஒருநாள் யாருமில்லாத அந்த மாடியில் கம்ப்யூட்டர் ஒன்று தானாக வெளிச்சமாகி எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து யாரோ அதை நடத்துகிறார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஒருவர் இருக்கும் இடம் வேறு, அவர் வேலை செய்யும் இடம் வேறு என்றால் அவருக்கு ஒன்று ஆனால் அது எங்கே ஆகும். இந்த யோசனை வேண்டாம். ஃபேனை நிறுத்தலாம். ஃபேன் சத்தமும் இல்லை என்றால் மேலே கம்பிக்கயிறு லேசாக முனகுவது கேட்கும். ஃபேன் ஓடட்டும்.

எங்களுக்கு அப்போது லீவு என்றே ஒன்று கிடையாது. பழைய காண்ட்ராக்டரின் வழக்கம் அது. வரமுடியாத நாளுக்கு முதல்நாளே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், நம் சட்டையை ஒருவனுக்குக் கொடுத்து ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும். பதிவேட்டில் நாம் வந்திருப்போம், சட்டைப்பையின் மேல் நம் பெயர் தைத்திருக்கும், உள்ளே இருப்பவன் வேறு. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், தப்பென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் ஒரே ஒரு நாள்தான் அப்படிச் செய்தேன். கோமளாவின் தலைதீபாவளிக்கு மறுநாள், மாப்பிள்ளைக்குக் கறிவிருந்து, வீட்டில் ஆம்பிள்ளை இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று என் சம்சாரம் சொன்னாள். பதினொரு வருஷம் ஆகிறது. ஆங்கிலத் தேதிப்படி எண்ணினால் அந்த நாள் இன்னும் வரவில்லை, சில நாள் இருக்கிறது, ஆனால் அது எனக்குத் தேதியில் வருவதில்லை, தீபாவளியைப் பிடித்துக்கொண்டு வருகிறது, ஒரு வருஷம் ஐப்பசி தொடக்கத்தில், ஒரு வருஷம் ஐப்பசி கடைசியில், எப்போது வந்தாலும் இந்த மருந்து வாசனையோடு வருகிறது. இன்றைக்குத்தான் அது. என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன் சூசை. இதே கட்டடத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவன், அவனும் அவன் மனைவி ரெஜினாவும். என்னைவிடப் பத்து வயது சின்னவன், சட்டை அவனுக்குத் தொளதொள என்று இருந்தது, போட்டுக்கொண்டு நின்று, “இப்ப நான்தாண்ணே ஏகாம்பரம், நீங்க யாரு?” என்றான். தீபாவளிக்கு முதல்நாள் சாயந்திரம் கீழே இதே இடத்தில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். எட்டு விஷயம். முதலாவது, இரண்டு கதவையும் சாத்தாமல் கைப்பிடியைத் தொடாதே. இரண்டாவது, ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஏழாவது ஆள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். மூன்றாவது, கரண்ட் போனால் நடுவில் கதவைத் திறக்காதே, பேசிக்கொண்டிரு. நான்காவது, கீழ்த்தளத்தில் கூண்டு இரண்டு விரல்கடை தாழ்ந்து நிற்கும், வயசானவர்களுக்குச் சொல்லு. ஐந்தாவது, முதல்மாடி அதிகாரி ஏறினால் வணக்கம் மட்டும். ஆறாவது, கிளியரிங் ஆட்களின் மூட்டையை ஏற்றாதே. ஏழாவது, ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பாடு, விளக்கையும் ஃபேனையும் அணைத்துவிட்டுப் போ. “ப்ளேன் ஓட்டுறவனுக்குக்கூட இவ்ளோ சொல்ல மாட்டாங்கண்ணே” என்றான். சிரித்தேன். அப்போது மணி அடித்தது. நான்காம் மாடி. நான் போய் ஆளை இறக்கிக்கொண்டு வந்தேன். சூசை அங்கேயே நின்றிருந்தான், கையில் துடைப்பம், சட்டையைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டிருந்தான். அதற்கப்புறம். அதற்கப்புறம் எட்டாவதைச் சொன்னேனா. ஐந்தாம் மாடி வெளிக்கதவு பூட்டு தளர்ந்திருக்கிறது, கூண்டு அங்கே இல்லாதபோதும் திறந்துகொள்ளும், காலை வைக்கும் முன் பார். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும், ஒரு மூச்சுதான். சொல்லியிருப்பேன். நான் ஒன்றை விடுகிற ஆள் இல்லை. ஆனால் சொன்னதுபோல நினைத்துப் பார்த்தால் அவன் முகம் வருவதில்லை. மற்ற ஏழுக்கும் அவன் முகம் இருக்கிறது, இரண்டாவதுக்குத் தலையைச் சொறிந்தான், ஐந்தாவதுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினான், ஏழாவதுக்கு ப்ளேன். எட்டாவதுக்கு முகம் இல்லை. துடைப்பமும் தோளில் சட்டையும்தான் வருகிறது, கழுத்துக்கு மேலே வருவதில்லை. மறுபடி முதலாவதிலிருந்து வருவேன், ஏழுவரை வருவேன், மணி அடிக்கும். பதினொரு வருஷமாக ஏழில் மணி அடிக்கிறது.

அன்றைக்கு அவன் கூண்டை ஐந்தாம் மாடியில் நிறுத்திவிட்டு வராந்தாக் கோடியில் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான். வக்கீல் குமாஸ்தா ஒருவர் அவசரமென்று கூண்டைத் தானே கீழே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சூசை வந்து கதவை இழுத்தான், எப்போதும்போல் திறந்தது, எப்போதும்போல் காலை வைத்தான். அந்த நேரம் நான் மாப்பிள்ளைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். மணி பன்னிரண்டே கால். மறுநாள் காலை ஒன்பதுக்கு நான் வாசலில் நுழைந்தபோது முதல்மாடி பியூன் என்னைப் பார்த்து டீ கிளாசைக் கீழே போட்டான். சட்டையில் இருந்த பெயரை வைத்து லிஃப்ட்காரர் ஏகாம்பரம் போய்விட்டார் என்று ஐந்து மாடிக்கும் சொல்லியிருக்கிறார்கள், போலீஸ் முதல் தாளில் அப்படித்தான் எழுதியது, என் வீட்டு விலாசம் யாரிடமும் இல்லாததால் எனக்குச் சேதி வரவில்லை, ஏற்றுமதிக் கம்பெனியில் என் பெயர் எழுதி ஒரு மாலைகூட வாங்கி வைத்திருந்தார்கள். ரெஜினா வந்து முகத்தைப் பார்த்துச் சொல்கிறவரைக்கும் அவன் நான்தான். அந்த மாலையைப் பிறகு பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு அவனுக்குப் போட்டார்கள். பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேராக என் கையெழுத்து இருக்கிறது, ஒருவரும் அடிக்கவில்லை, அதனால் புது ஏஜென்சிக்காரர்கள் பழைய பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “ஒரு நாள்கூட லீவு எடுக்கலியா சார், ரெக்கார்டு சார் இது” என்று தணிகைவேல் மூலமாகக் கைகுலுக்கினார்கள். ரெக்கார்டுப்படி அந்த நாள் நான் இங்கே இருந்தேன். இங்கே இருந்தவன் விழுந்தான். அப்படியானால் மறுநாளிலிருந்து இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது யார், யாருக்குப் பதில் ஆளாக யார் உட்கார்ந்திருக்கிறார்கள், சில மத்தியானங்களில் கண்ணாடியில் பார்க்கும்போது சட்டை எனக்கும் தொளதொள என்றுதான் இருக்கிறது. அதற்கப்புறம் நான் வாரத்து ஞாயிறு தவிர ஒருநாளும் நகரவில்லை. பேரன்கள் பிறந்தார்கள், போகவில்லை. என் சம்சாரம் போனதுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் எப்போதுமே எனக்குத் தொந்தரவு கொடுக்காதவள், திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் இங்கே இருந்தேன். அந்தப் பூட்டைச் சரிசெய்தார்கள். மூன்று தரம் மறுபடி தளர்ந்தது, மூன்று தரமும் நான்தான் கண்டுபிடித்தேன், தினமும் காலையில் படியேறிப் போய் வெளியிலிருந்து இழுத்துப் பார்க்கிறேன். இன்று காலை இழுத்தேன், திறக்கவில்லை. நாளைக்குத் திறக்காது என்று யார் சொல்வது. வியாழக்கிழமைக்குத் திறக்காது என்று யார் சொல்வது.

மணி அடிக்கிறது. பலகையில் ஐந்துக்கு நேரே விளக்கு. ஒன்பது ஏறி ஒன்பது இறங்கியாகிவிட்டது, நோட்டைப் பார்க்கிறேன், சரியாகத்தான் இருக்கிறது, ஐந்தாம் மாடிக்கு இன்றைக்கு ஒரு ஆளைக்கூட நான் ஏற்றவில்லை. கோர்ட் லீவு. மறுபடி அடிக்கிறது. சின்னதாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. வக்கீல்கள் அப்படி அடிக்கமாட்டார்கள், வைத்த விரலை எடுக்கமாட்டார்கள். இரண்டு கதவையும் சாத்தினேன், கைப்பிடியைத் திருப்பினேன், ஒன்று, இரண்டு, ஒவ்வொரு மாடியும் இருட்டாக வந்து காலுக்குக் கீழே போகிறது, மூன்றில் ஸ்வெட்டர்கள், நான்கு பூட்டியிருக்கிறது, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ள அந்தச் சுவர்த்துண்டை நான் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு மூன்று எண்ணுவேன், எண்ணினேன், திறந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு கால், ஈரமாக, மெட்டி. நிமிர்ந்து பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ரெஜினா. கையில் வாளி. பதினொரு வருஷமாக அவள் லிஃப்டில் ஏறியதில்லை, ஐந்து மாடியும் படிதான், அதனால் அவள் என் நோட்டில் எந்தக் கோட்டிலும் இல்லை. எதிரே வந்தால் “அண்ணே” என்பாள், நான் “ம்” என்பேன், அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

“என்னண்ணே, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறீங்க? கதவைத் தொறங்க.”

திறந்தேன். அவள் உள்ளே வரவில்லை, வாளியைக் கீழே வைத்தாள். “தணிகைவேல் சார் சொன்னாரு, பொண்ணுக்கு ஆபரேசனாமே. பதில் ஆள் கெடைக்காம தாளைப் பையிலயே வச்சிருக்கீங்களாம். நான் உக்கார்றேன்ணே வியாழக்கெழமை. அன்னிக்கு எனக்குப் பதிலா அவரு வேற ஆளை அனுப்புறேன்னுட்டாரு.”

“உனக்கெதுக்கும்மா இது.”

“முட்டி போச்சுண்ணே. அஞ்சு மாடி, ஏறி எறங்கி. ஒரு நாளாவது உக்காந்து சம்பாதிக்கிறேன்.” சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. “என்னிக்காவது ஒருநாள் ஏறித்தானே ஆவணும். காலையில கல்லறைக்குப் போயிட்டுத்தான் வந்தேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன்.”

“ஓட்டத் தெரியணுமே” என்றேன்.

“கைப்பிடியை இப்படித் திருப்பினா மேல, அப்படித் திருப்பினா கீழ. பாத்துக்கிட்டுதானே இருக்கேன். மத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்ணே. அன்னிக்கி ராத்திரி பூரா விரல் விட்டு எண்ணி ஒப்பிச்சுக்கிட்டே இருந்தாரு, தூங்க விடல மனுசன். அண்ணன் கேட்டா சொல்லணும், ஒண்ணு விட்டாலும் திட்டுவாருன்னு.” வலதுகையை நீட்டி மடக்க ஆரம்பித்தாள். ரெண்டு கதவு. ஆறு பேரு. கரண்டு போனா பேசிக்கிட்டிரு. கீழ ரெண்டு விரல்கடை. அதிகாரிக்கு வணக்கம். இடதுகைக்கு மாறினாள். மூட்டை ஏத்தாதே. ஒண்ணுலேருந்து ஒன்றரை சாப்பாடு, ஃபேனை நிறுத்து. இரண்டு விரல் மடங்கி இருந்தன, மூன்று நீட்டியபடி நின்றன. “ஏழு. அவ்ளோதானேண்ணே?”

நான் அந்த மூன்று விரல்களைப் பார்த்தேன். ராத்திரி பூரா ஒப்பித்திருக்கிறான். ஏழு. அவனும் ஒன்றை விடுகிற ஆள் இல்லை. மணி அடித்தது, போனேன், வந்தேன், சொல்லவில்லை. பதினொரு வருஷம் முகமில்லாமல் நின்றவனுக்கு முகம் வந்தது, அவன் எதற்கோ காத்துக்கொண்டிருந்தான், நான் “சரி, போ” என்றேன், அவன் போனான். இப்போது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூட்டு சரியாகத்தான் இருக்கிறது, காலையில் இழுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை கோமளா கண்ணைத் திறக்கும்போது நான் இருப்பேன், இவள் இந்த ஸ்டூலில் இருப்பாள், தண்ணீர் தாகம் எடுக்கும், கூண்டை நிறுத்திவிட்டு வராந்தாக் கோடிக்குப் போவாள். அந்த மாதிரி நான் போக முடியாது. போகாமலும் இருக்க முடியாது.

“இல்லம்மா” என்றேன். “எட்டு.”

அவள் விரல்கள் அப்படியே நின்றன. நான் கூண்டிலிருந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன், பூட்டு இருக்கும் இடத்தைக் காட்டினேன், இது தளரும், கூண்டு இல்லாவிட்டாலும் திறந்துகொள்ளும், கையால் இழுத்துவிட்டுக் காலை வைக்காதே, முதலில் பார், தரை இருக்கிறதா என்று பார். ஒரு மூச்சுதான் ஆனது. அவள் பூட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது விரலை மெதுவாக மடக்கினாள். மடக்கிய கையை அப்படியே முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

“இதை அவருகிட்ட...” என்றாள்.

“சொல்லல” என்றேன்.

வராந்தாவில் எங்கோ குழாய் சொட்டியது. நான் சொட்டுகளை எண்ணவில்லை. அவள் கையை நீட்டினாள், என்ன கேட்கிறாள் என்று புரியச் சற்று நேரமாயிற்று, தாளை எடுத்துக் கொடுத்தேன், பேனாவும். சுவரில் வைத்து எழுதினாள். எழுத்துக் கூட்டி, அழுத்தி, சூ. ரெஜினா என்று. தேதியையும் அவளே எழுதினாள். என் சட்டைப்பையில் திரும்ப வைக்காமல் என் கையில் கொடுத்தாள். “பொண்ணைப் போய்ப் பாருங்க” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. அப்புறம் கதவை இழுத்தாள், நின்றாள், குனிந்து கூண்டின் தரையைப் பார்த்தாள், இடதுகாலால் ஒருதரம் தட்டிப் பார்த்தாள், ஏறினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். நானும் ஏறப்போனேன். அவள் வெளிக்கதவைச் சாத்தினாள், உள்கதவைச் சாத்தினாள். கைப்பிடியைத் திருப்பினாள். அவள் தலை, கூண்டின் கூரை, அப்புறம் கயிறு மட்டும், கறுப்பாக, எண்ணெயாக, இறங்கிக்கொண்டே இருந்தது.

நான் இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அது போவதைப் பார்த்ததே இல்லை. கம்பி வழியாகக் கீழிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வாளி என் காலடியில் இருந்தது. கயிறு நின்றது. கீழே இரண்டு கதவும் திறக்கும் சத்தம் ஐந்து மாடிக்கும் கேட்டது. இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள், எந்த மாடிக்கும் யாரும் இல்லை. ரெஜினாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“ஏறுங்க. எத்தினியாவது மாடி?”

வியாழக்கிழமைக்கு இப்போதே பழகிப் பார்க்கிறாளோ, வேறு யாரையாவது ஏற்றுகிறாளோ, பதில் கேட்கவில்லை. கதவுகள் சாத்தும் சத்தம், ஒன்று, இரண்டு. கயிறு அசைந்து மேலே ஏற ஆரம்பித்தது. என் கை கதவில் இருந்தது. எடுத்தேன். இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.